இன்னும் இரண்டு ஜிபி

இடம் போதவில்லை என்கிறது. மதியத்திலிருந்து இதையேதான் சொல்கிறது, குரலை உயர்த்தாமல், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு ‘ஆள் வருது’ என்று சொல்லும் பெண்ணைப் போல. அப்டேட் நிறுவ இன்னும் ஆறு ஜிபி காலியாக வேண்டுமாம். ஆறு ஜிபிக்கு நான் எங்கே போவேன். இந்த லேப்டாப்பின் மொத்தக் கொள்ளளவே முப்பத்திரண்டு, அதில் பாதியை வாங்கிய அன்றே அதுவே தின்று முடித்திருந்தது, மிச்சத்தில் நாங்கள் நாலு பேர் குடியிருக்கிறோம். முறத்தின் மேல் வைத்திருக்கிறேன். மடியில் வைத்தால் சுடும், தலையணையில் வைத்தால் அதற்கு மூச்சு முட்டும், முறம் என்றால் அடியில் காற்றுப் போகும் என்று கண்டுபிடித்தவள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, தெருவே படுத்துவிட்டது. அம்மா மட்டும் அன்பியக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபம் சொல்லிவிட்டு அதைவிட அதிக நேரம் ஊர்க்கதை பேசும் கூட்டம். அப்பா உள்ளறையில் தூங்குகிறார். குறட்டை வருகிறது, நிற்கிறது, நின்றால் எனக்குப் பயமாக இருக்கிறது, மறுபடி வருகிறது. நாளைக் காலை எனக்கு நேர்காணல். மதுரையில் பள்ளிப் புத்தகம் போடும் ஒரு பதிப்பகம், மெய்ப்புத் திருத்தும் வேலை. ஓர் அறையில் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல், ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருக்கலாம், உலகத்தில் எனக்கென்றே யாரோ யோசித்துச் செய்த வேலை, ஆனால் பேசாமல் இருக்கும் வேலைக்குப் போக ஒருமுறை கேமராவைப் பார்த்துப் பேசியாக வேண்டும். அவர்கள் அனுப்பிய செயலி இந்த லேப்டாப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதலில் அப்டேட் செய்துவிட்டு வா என்கிறது. போனில் பேசலாமா என்று கேட்டு ஒரு மெயில் எழுதினேன், அழித்தேன். அப்படிக் கேட்பதே ஒரு பேச்சுதானே, அதுவும் மீன் வாங்கப் போன இடத்தில் போன் விழுந்த நாளிலிருந்து அதன் முன்கேமரா என் முகத்தைப் பனிக்குள் நிற்பதுபோலத்தான் காட்டுகிறது. இடம் கிடைக்காமலே போய்விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்கிறது. மிஷின் சரியில்லை, நான் என்ன செய்ய, என்று சொல்லிவிடலாம், யாரும் திட்டமாட்டார்கள், அம்மாகூட ‘சவத்த விடு’ என்று சொல்லிவிட்டு இட்லிக்கு ஊறப்போடப் போய்விடுவாள். அந்த நினைப்புக்கு மட்டும் எங்கிருந்தோ இடம் கிடைத்துவிடுகிறது.

அம்மாவின் பூக்களிலிருந்து தொடங்குகிறேன். அம்மா எதையும் ஒளித்து வைக்கமாட்டாள், எல்லாம் முகப்பிலேயே கிடக்கும், காயப்போட்ட துணி மாதிரி. காலை வணக்கம் சொல்லும் ரோஜா, பனித்துளியோடு ரோஜா, மாதாவின் காலடியில் ரோஜா, ரவிக்கைக் கழுத்து மாடல், கையில் மாங்காய் வைத்த மாடல், தையல்காரியிடம் காட்டுவதற்கு. ஒவ்வொன்றும் நாலு நாலு. ஏன் நாலு என்று எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சேமி என்பதை அழுத்துவாள், திரையில் ஒன்றும் நடக்காது, ‘கேக்கலியோ’ என்று மறுபடி அழுத்துவாள், இன்னொருமுறை அழுத்துவாள், கடைசியாக ஒருமுறை விரலை வைத்துக் கொஞ்சநேரம் அழுத்திப் பிடிப்பாள், காது கேளாதவர்களிடம் பேசுகிறவர்கள் பேசுவதுபோல. ஒவ்வொரு பூவிலும் ஒன்றை விட்டுவிட்டு மூன்றை அழிக்கிறேன். இதில் எது முதல் ரோஜா என்று தெரியவில்லை, எல்லாம் ஒன்றுதான், ஆனாலும் அம்மா முதலில் ஆசைப்பட்டு அழுத்தியது எதுவோ அது போய்விடக் கூடாதே என்று கை தயங்குகிறது. இது என்ன பைத்தியக்காரத்தனம். இப்படி யோசித்தால் நாளை காலைக்குள் முடியாது. வேகமாக அழிக்கிறேன். அழித்தால் குப்பைக்கூடைக்குப் போகிறது, கூடையையும் கொட்டினால்தான் இடம் வரும், கொட்டட்டுமா, நிச்சயமாகவா என்று கேட்கிறது, என்னை மாதிரி ஆளிடம் இப்படிக் கேட்கலாமா, நிச்சயம் என்று நான் எதைச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு பூக்களும் சேர்ந்து அரை ஜிபிகூட வரவில்லை.

தங்கை ஷெரினின் ஃபோல்டர் ‘வைரஸ் திறக்காதே’ என்ற பெயரில் இருக்கிறது. இந்த வீட்டில் அம்மாவைத் தவிர எல்லோருக்கும் இதே வழக்கம், பிடித்தமான எதற்கும் யாரும் திறக்க ஆசைப்படாத ஒரு பெயரை வைத்துவிடுவோம். ஒரே லேப்டாப், ஒரே பாஸ்வேர்டு, அதுவும் கேஸ் கம்பெனி நம்பர். தொட்டால் தெரிந்துவிடும். அதனால் போன் போடுகிறேன், நாகர்கோவிலில் நர்சிங் விடுதியில் இருக்கிறாள், மூன்றாவது மணியில் எடுத்து, “யக்கா, என்ன அதிசயம், நீயா போன் பண்ணுத, வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லயே?” என்கிறாள். நான் இடம் பற்றிச் சொல்கிறேன். “ஏ லூசு, என் வைரஸ்ல கை வச்ச, அடுத்த லீவுல வந்து ஊசியக் குத்திருவேன் பாத்துக்கோ.” எனக்கு நாளைக்கு நேர்காணல்ட்டி என்கிறேன். அங்கே பின்னால் யாரோ வாளியை இழுக்கிறார்கள். “நெசமாவா? நீ பேசப் போறியா? நீ வாயத் தொறக்கதுக்குள்ள அந்தாளு ரிட்டையர் ஆயிருவாருக்கா.” சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன், சிரிப்பு என்னிடம் எப்போதும் சத்தமில்லாமல் வருவதால் அவள், “இருக்கியா?” என்கிறாள். இருக்கேன். “சரி, கொரியாக்காரன் நாடகம் பூராத்தையும் தூக்கிரு. மழையில நனையுதது மட்டும் வேணும். அத விட்டுரு.” எந்த மழை என்று தேடப் போனால் எல்லா எபிசோடிலும் மழை பெய்கிறது. “கடைசி எபிசோடு லூசு, குடை ஒண்ணுதான் இருக்கும், ரெண்டு பேரும் வச்சுக்க மாட்டாங்க.” அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழிக்கிறேன். போனை வைக்கும் முன், “யக்கா, நீ பேசாம இருந்தாகூட உன் மொகத்தப் பாத்தே வேலை குடுத்துருவாங்க, கேட்டியா, பச்சச் சுடிதாரப் போடு,” என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அவளுக்குத் தெரியுமாதலால், வைத்துவிட்டாள். நல்ல பிள்ளை. நாலு ஜிபி வந்துவிட்டது. இன்னும் இரண்டு வேண்டும். இன்னும் இரண்டு ஜிபிதான், இரண்டு என்பது ஒரு பெரிய விஷயமே இல்லை, மற்றவர்களிடம் ஐந்நூறு ஆயிரம் என்று காலியாகக் கிடக்கிறதாம்.

மீதம் இருப்பவை இரண்டே ஃபோல்டர். ஒன்று என்னுடையது, ‘செமஸ்டர் 3 லேப்’. நான் படித்தது எம்.ஏ. வரலாறு. வரலாற்றுக்கு ஏது லேப், ஆனால் இதுவரை யாரும் கேட்டதில்லை, லேப் என்று கண்டதும் எல்லோரும் மரியாதையாக ஒதுங்கிவிடுகிறார்கள். உள்ளே நான் இருக்கிறேன். பதிப்பகத்துக்கு விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து, வீட்டில் யாரும் இல்லாத வேளைகளில், கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்த்தவை. எத்தனை என்று எண்ணவில்லை, எண்ணினால் வெட்கமாக இருக்கும். திறந்து பார்க்க வேண்டியதே இல்லை, எல்லாம் ஒன்றுதான், அம்மாவின் ரோஜாக்களைப் போல. வணக்கம் சார், என் பெயர் பெனிட்டா, தூத்துக்குடியில் இருக்கிறேன், எம்.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். அதற்கப்புறம் ஒரு பள்ளம். பள்ளத்தின் விளிம்பில் நின்று நான் கேமராவைப் பார்க்கிறேன், கேமரா என்னைப் பார்க்கிறது, பக்கத்துவீட்டு மிக்சி ஓடுகிறது, பிறகு நான் கை நீட்டி நிறுத்துகிறேன். என்னைப் பற்றி அதற்குமேல் என்ன இருக்கிறது. பேசக் கூச்சம் என்று சொல்லலாம், அதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. கவனிப்பேன் என்று சொல்லலாமா, பஸ்ஸில், கோயிலில், கல்யாண வீட்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்து எல்லோரையும் கவனிப்பேன், எந்த அத்தை எந்தப் பெரியம்மாவைப் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டாள் என்பது எனக்குத்தான் தெரியும், ஆனால் இது வேலைக்கு எதற்கு. ஒருமுறை மட்டும் பள்ளத்தைத் தாண்டி அரை வாக்கியம் போயிருக்கிறேன், ‘எனக்குப் பிழைகளைப் பிடிக்கும்’ என்று, அதன் அர்த்தம் எப்படியெல்லாம் போகும் என்று தோன்றியதும் பயந்து நிறுத்திவிட்டேன். இன்றைக்கு ராத்திரி அதைத்தான் போட்டுப் பார்த்து, அந்த அரை வாக்கியத்தை முழுசாக்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். இரண்டேகால் ஜிபி. அழித்தால் சரியாகப் போதும். வேண்டாம், நாளைக்கு எனக்கு இதைவிட்டால் கைப்பிடி எதுவும் இல்லை. பென்டிரைவ் ஷெரினிடம், போனில் ஒரு பாட்டுக்குக்கூட இடமில்லை, நெட்டில் ஏற்றினால் அப்டேட் இறக்க வைத்திருக்கும் டேட்டா போய்விடும்.

இன்னொன்று அப்பாவுடையது, ‘எடைமேடை பழைய கணக்கு’. அப்பா ஓர் உப்புக் கம்பெனியில் எடைமேடையில் இருக்கிறார், லாரி ஏறி நின்றதும் எடையைப் பார்த்துச் சீட்டு எழுதுவார். பழைய கணக்குக்கு எதற்கு இரண்டரை ஜிபி. எண்கள் அவ்வளவு இடம் பிடிக்காது. திறக்கக் கூடாது, ஆனால் இந்த வீட்டின் வழக்கப்படி கணக்கு என்று பெயர் வைத்தால் அது கணக்கு இல்லை என்று அர்த்தம், அது தெரிந்த பிறகு திறக்காமல் இருப்பதும் கஷ்டம், அப்பாவின் குறட்டை வருகிறதா என்று கேட்டுக்கொண்டு, ஒலியை ஒரே ஒரு கோட்டுக்குக் குறைத்துவைத்துக்கொண்டு திறக்கிறேன். அப்பா. கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில், மூக்கு பெரிதாக, பதிவாகிறதா என்று குனிந்து பார்க்கிறார். பிறகு பின்னால் நகர்ந்து நிற்கிறார். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கீழே கட்டம்போட்ட சாரம். பின்னால் எங்கள் வீட்டுத் தண்ணிக்குடம். “அன்பியத்தின் ஆண்டு விழாவுக்கு வருகை தந்து சிறப்பித்த பங்குத்தந்தை அவர்களுக்கும், விழாவைத் தலைமையேற்று நடத்திய, ம், நடத்திக் கொடுத்த…” நிற்கிறது. அடுத்தது. அதே சட்டை. பங்குத்தந்தை அவர்களுக்கும், தலைமையேற்று நடத்திக் கொடுத்த சகோதரி அமலோற்பவம் அவர்களுக்கும், மைக்செட் அமைத்துக் கொடுத்த சகோதரர், சகோதரர், என்று கூரையைப் பார்க்கிறார், கூரையில் பெயர் இல்லை, நிற்கிறது. எனக்கு அந்த விழா ஞாபகம் வருகிறது. போன வருஷம், சிற்றாலயத்துக்கு முன்னால் சாமியானாப் பந்தல், சாப்பாட்டு அண்டாவிலிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது, இப்போது நன்றியுரை, சகோதரர் சிலுவைமுத்து என்று கூப்பிட்டார்கள். அப்பா எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். “எல்லாருக்கும் நன்றி,” என்றார். வந்து உட்கார்ந்துவிட்டார். ஜனங்கள் கைதட்டினார்கள், பசியில் இருந்த ஜனம், அந்த வருஷம் மிக அதிகமாகக் கைதட்டு வாங்கியது அந்த நன்றியுரைதான். அம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம், “நன்றியுரைன்னா இப்படில்லா இருக்கணும், நெத்தியில அடிச்ச மாதிரி,” என்று சிரித்துச் சிரித்து, அப்பாவும் சிரித்து, நானும் அப்பா இப்படித்தான், பேச்சை வளர்க்கத் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். இரண்டு வார்த்தை. அதற்குப் பின்னால் இத்தனை. ஒன்றில் அம்மா குறுக்கே வெங்காயக் கூடையோடு வந்துவிட, அப்பா சட்டென்று சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல நடிக்கிறார். ஒன்றில் முழுசாகச் சொல்லிவிடுகிறார், பந்தல், மைக், சாப்பாடு, தண்ணீர் கேன், நாற்காலி எடுத்துப்போட்ட தம்பிமார், ஒரு பெயர் விடாமல். சொல்லி முடித்த சந்தோஷத்தில் நிறுத்த மறந்து, “இந்த லேப்டாப்பைத் தந்து உதவிய என் அன்பு மகள் பெனிட்டா அவர்களுக்கும்,” என்கிறார். அப்புறம் தன் வாயையே நம்ப முடியாதவர்போலச் சிரித்து, கை கேமராவை நோக்கி வந்து, நிற்கிறது. என் கண் எரிகிறது. நான் தந்து உதவவில்லை, லேப்டாப் எனக்கு வாங்கித் தந்ததே அவர்தான், அவருடைய வேலை நேரத்துக்கு மேல் நின்று. மறுபடி போட்டுப் பார்க்கிறேன். பெனிட்டா அவர்களுக்கும். மறுபடி. அப்பாவுக்கும் கேமரா பயம். அப்பாவும் பள்ளத்தின் விளிம்பில் நின்றிருக்கிறார், நான் நிற்கும் அதே சுவரோரம். அந்த ஓரம்தான் வீட்டில் வெளிச்சம் நன்றாக விழும் இடம் என்பதை நாங்கள் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறோம்.

குறட்டை நின்றிருக்கிறது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. திரையை மூடி வேறெதையோ திறப்பதற்குள் அப்பா சாரத்தை இறுக்கிக்கொண்டே வந்து நிற்கிறார். “என்னட்டி, தூங்கலியா?” இல்லப்பா, அப்டேட் போடணும், இடம் பத்தல. “எவ்வளவு பத்தல?” எடைமேடைக்காரர் கேட்கும் கேள்வி. இரண்டு ஜிபி. அப்பா செம்பை எடுத்துத் தண்ணீர் குடிக்கிறார், மெதுவாகக் குடிக்கிறார், தொண்டைமுடிச்சு ஏறி இறங்குகிறது, செம்பை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துச் சொல்கிறார், “என் ஃபைல் ஒண்ணு கெடக்கும் பாரு, பழைய கணக்குன்னு. அதத் தூக்கிரு. தொறந்துல்லாம் பாக்காண்டாம், சும்மா நம்பருதான்.” எனக்குத் தலை நிமிரவில்லை. கம்பெனில கேட்டாங்கன்னா? “அத ஆரு கேக்கப் போறா. நாளைக்கு உனக்குல்லா சோலி. தூக்கு.” அங்கேயே நிற்கிறார், நான் அழிப்பதைப் பார்க்க. அல்லது அழிப்பதைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்க்க. நான் சுட்டியை அந்தப் பெயரின் மேல் கொண்டுபோய், பெரிதாக ஆராய்வதுபோலக் கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு, “இது ரொம்பச் சின்ன ஃபைலுப்பா. இத அழிச்சா ஒண்ணும் வராது,” என்கிறேன். “அப்படியா?” என்று அப்பா திரும்புகிறார். அந்த முகம். எனக்குப் பின்னால் நிற்பவரின் அந்த முகத்தை நான் கள்ளத்தனமாகத் திரைக் கண்ணாடியில் பார்க்கிறேன், பரீட்சை தள்ளிப்போன பிள்ளையின் முகம். “சின்னதுதானா. அப்பம் கெடக்கட்டும்.” போவதுபோல இரண்டடி வைத்தவர் நின்று, “அதுக்காக உன் லேப்ல கை வச்சிராத, என்ன,” என்கிறார். எனக்குக் காது சுடுகிறது. அப்பா சுவரிடம் பேசுவதுபோலப் பேசுகிறார், “வரலாறுக்கு ஏதுட்டி லேப்புன்னு ஒருநாள் ஒண்ணே ஒண்ணு தொறந்து பாத்தேன். ஒண்ணே ஒண்ணுதான். நல்லாத்தான பேசுத. ஏன் பாதியில நிப்பாட்டிட்ட?” தெரியலப்பா. அதுக்கப்புறம் சொல்ல ஒண்ணும் இல்லப்பா. அப்பா தலையை ஆட்டுகிறார். அப்படி எப்படி இல்லாமப் போகும் என்று வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அப்பா சொல்லவில்லை, அவருக்குத் தெரியும்.

அழித்துவிட்டேன். அவர் முகம் கழுவப் புறவாசலுக்குப் போன நேரத்தில், யோசிப்பதற்கு முன்னால், லேப் முழுவதையும், கூடையையும் கொட்டிவிட்டேன், நிச்சயமாகவா என்று கேட்டது, ஆமாம் என்றேன். என் முகம் அத்தனையும், அந்த அரை வாக்கியமும் போய்விட்டது. இப்போது இடம் போதும் என்று சொல்கிறது. வட்டம் சுற்றுகிறது, அணைத்துவிடாதீர்கள் என்கிறது. பிறகுதான் பயம் வருகிறது, கால் பெருவிரலிலிருந்து, தண்ணீரில் இறங்கியதைப் போல. நாளைக்கு என்னிடம் என்ன இருக்கிறது. வணக்கம் சார், என் பெயர் பெனிட்டா, தூத்துக்குடி, எம்.ஏ. அப்புறம்? உண்மையிலேயே நான் இதைச் செய்தேனா, ஷெரினிடம் சொன்னால் என்ன சொல்வாள், மழைக் காட்சியை அழித்திருக்கலாமே லூசு என்பாள், அதைமட்டும் அழித்தால் போதாது, அப்பா பெயர்களைத் தேடிக் கூரையைப் பார்த்ததை அழித்திருக்கலாம், அது முடியாது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வருகிறார், காதோரம் சோப்பு நுரை. வட்டத்தைப் பார்க்கிறார், இடம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. நான், என் வாயிலிருந்துதான் வருகிறதா என்று எனக்கே சந்தேகமாக, “அப்பா, இங்கன வந்து ஒக்காருங்க. என்னயக் கேள்வி கேளுங்க,” என்கிறேன். “நானா? எனக்கு என்னட்டி தெரியும்?” தமிழ்லதாம்ப்பா கேப்பாங்க. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, துண்டைத் தோளிலிருந்து எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வட்டம் சுற்றுகிறது. அப்பா தொண்டையைச் செருமுகிறார். “பேரு?” பெனிட்டா. “படிப்பு?” எம்.ஏ. வரலாறு. அதோடு தீர்ந்தது, பள்ளம் வந்துவிட்டது, இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வந்துவிட்டது. அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை, எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துப் போகிறது. அப்பா விசிறியைப் பார்க்கிறார், துண்டைப் பார்க்கிறார், கடைசியில், ரயிலில் எதிரே உட்கார்ந்த பிள்ளையிடம் யாரும் கேட்பதைக் கேட்கிறார், “அப்பா என்ன பண்ணுதாங்க?” எங்கப்பா எடைமேடையில் இருக்காங்க சார், என்று தொடங்குகிறேன். உப்புக் கம்பெனியில. அங்க ஒரு நாய் இருக்கு, செவலை நாய், எடைமேடை இரும்புத் தகடு குளிர்ச்சியா இருக்குன்னு காலையில அதுமேலதான் படுத்துக் கெடக்கும். லாரிக்காரங்க ஹாரன் அடிப்பாங்க, அது எந்திரிக்காது. மத்தவங்களா இருந்தா கல்லை எடுப்பாங்க. எங்கப்பா கதவத் தொறந்து எறங்கிப் போயி, அதுகிட்ட ஏதோ மெதுவாச் சொல்லி, பிஸ்கட்டக் காட்டி ஓரமாக் கூட்டிட்டுப் போயி விட்டுட்டு, திரும்பி வந்துதான் எடை எடுப்பாங்க. நாயோட எடையக் கம்பெனிக்காரன் தலையில கட்டக் கூடாதுன்னு சொல்லுவாங்க. நான் கல்லூரிக்குப் போறப்ப பஸ் அந்த வழியாத்தான் போகும், ஜன்னல் வழியாப் பாத்திருக்கேன், நான் பாக்குறது அவங்களுக்குத் தெரியாது, பின்னால பத்து லாரி நிக்கும், எல்லாரும் கத்திட்டிருப்பாங்க, அப்பா ஒரு நாய்க்குப் பின்னால நடந்து போய்ட்டிருப்பாங்க, அவசரமே இல்லாம. அப்பா தலை குனிந்திருக்கிறார். துண்டின் ஓரத்து நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி, “பிஸ்கட் இல்லட்டி, டீக்கடை வறுக்கி,” என்கிறார்.

வறுக்கி, என்று திருத்திக்கொண்டு, மேலே சொல்கிறேன்.